பழைய ரப்பர்

குறை காணாமல் ஒரு பொருளை வாங்கினால் தங்கபெருமாள் அண்ணாச்சிக்கு அன்று சோறு இறங்காது. கிளாட்வின் விலைக்கு விட்ட உல்லாசப் படகில் ஏறி மூன்று முறை சுற்றிவந்தவர், கடைசியில் பின்பக்கம் குனிந்தார். உள்ளே இருக்கும் இஞ்சினுக்கும் வெளியே தண்ணீரைத் தள்ளும் விசிறிக்கும் நடுவில், கடலை உள்ளே விடாமல் பிடித்திருப்பது ஒரு ரப்பர் உறை.

“இது செத்துப்போச்சே வே.”

“போன மாசந்தான் மாத்துனேன், அண்ணாச்சி.”

“விக்கிறவன் எவன் பழசுன்னு சொல்லியிருக்கான்?”

மனைவியின் ஆபரேஷனுக்கு மறுநாளே பணம் கட்டவேண்டியிருந்ததால், கிளாட்வின் அந்த ரப்பருக்காக விலையில் ஒரு லட்சத்தை விட்டுக்கொடுத்தான்.

படகைக் கரையேற்றி மெக்கானிக் டெல்மோ பிரித்துப் பார்த்தான். ரப்பர் புத்தம் புதிது. “அப்படியே மாட்டு, வெளிய பேசாத” என்றார் அண்ணாச்சி. மிச்சமான லட்சத்தில் சிவப்பு மெத்தையும் நாலு ஸ்பீக்கரும் வந்தன.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று கிளாட்வின் வந்து நின்றான். மெத்தையைத் தடவிப் பார்த்தான்.

“ரப்பர மாத்தியாச்சா, அண்ணாச்சி?”

“மாத்தாம இருப்பனா? நீ குறைச்ச லட்சம் அதுக்கே சரியாப் போச்சு.”

“அந்தப் பழச எனக்குக் குடுத்துருங்க. என் கண்ணுல படாத ஓட்டை எங்க இருந்துச்சுன்னு பாக்கணும்.”

அண்ணாச்சி சிரித்தபடியே திரும்பினார். “டெல்மோ, அந்தப் பழச எடுத்துக் குடுத்து அனுப்புடே.”

டெல்மோ ஸ்பேனரைக் கையில் எடுத்தான். “அதுக்குப் படக மறுபடி கரையேத்தணுமே, அண்ணாச்சி.”