பத்தடி தூரம்

"மூணு நாளா எல்லா மாடலையும் அலசிட்டேன். என் காதுல பூ சுத்த முடியாது," என்றபடி, தொடாமலே சூடு பார்க்கும் கருவிகளைக் கடைக்காரரிடம் சொல்லி மேஜையில் பரப்ப வைத்தார் வாடிக்கையாளர்.

கடைக்காரர் ஒன்றை நீட்டினார். "அடுப்பு, எண்ணெய், இன்ஜின்னு எல்லாத்துக்கும் சரியா வரும் சார். ஒரு அடி தள்ளிப் பிடிச்சாப் போதும்."

"ஒரு அடியா? பத்தடி வேணும். ரூம் வாசல்ல நின்னே பார்க்கணும்."

"வீட்டுலயே இரும்பு உருக்குறீங்களா சார், பொழுதுபோக்கா?"

"அட, எங்க அம்மாவுக்குங்க. மூணு நாளா காய்ச்சல்."

கடைக்காரர் கை சட்டென்று பின்வாங்கியது. "ஒட்டிக்குற காய்ச்சலா?"

"அதெல்லாம் இல்லை. கிட்டப் போனா, கையைப் பிடிச்சுக்கிட்டு, 'கொஞ்ச நேரம் உட்காருப்பா'ம்பாங்க."