குட்டையனுக்கு நிழல்

மெக்கானிக்கின் விரல்கள் வாளித் தண்ணீருக்குள் அப்படியே நிற்கின்றன. தூண்டிலுக்கு உயிர் இரையாக வாங்கிவந்த குட்டி மீன்களில் மிச்சம் இது ஒன்றுதான். "அது குட்டையன்," என்கிறாள் ஏரிப் படியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி, பிஸ்கட்டைப் பிட்டபடி. "நேத்து பாத்ரூம்ல வாளிய வச்சீங்கல்ல, கொஞ்சம் பிஸ்கட் தூள் போட்டேன். இவன் மட்டும் மேல வந்து என் விரலத் தொட்டான்." எதிர்க்கரையில் மச்சான் ஒரு பெரிய மீனைத் தூக்கிக் காட்டி விசிலடிக்கிறார். இருவருக்கும் வருஷாவருஷம் நடக்கும் மீன்பிடிப் போட்டி முடியப்போகிறது, தோற்றால் அடுத்த வருஷம்வரை அந்த வாயை யார் அடக்குவது? இந்த ஏரி மீன் பொம்மை மீனை ஏறெடுத்தும் பார்க்காது, துடிக்கிற இரைக்குத்தான் வாய் திறக்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரே இந்த மெக்கானிக்தான். "அதுக்கென்ன, போடுங்க. நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன்," என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள் காதோரத்து நரைமுடி காற்றில் அலைகிறது. அவர் கையை வெளியே எடுக்கிறார். தூண்டில் சாமான் பெட்டியின் அடியில், மச்சான் கேலிக்குக் கொடுத்த சிவப்பு ரப்பர் மீன் கிடக்கிறது. அதைச் சத்தமில்லாமல் முள்ளில் மாட்டி வீசுகிறார். வட்டங்கள் விரிந்து அடங்குகின்றன. எதுவும் கடிக்கவில்லை. "போட்டாச்சா?" "ம், போட்டாச்சு." வெயில் படியேறி வாளியைத் தொடுகிறது. அவர் கொஞ்சம் நகர்ந்து, தன் நிழல் அதன்மேல் விழும்படி உட்கார்கிறார். அவள் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, பிஸ்கட் தூளை வாளிக்குள் உதிர்க்கிறாள்.