மடியரிசி

“சில்லறை இல்லம்மா. அங்கிட்டுப் போ.”

ஞானமணி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆவூர் மாதா கோயில் வாசலில் திருவிழாக் கூட்டம் நெரிந்தது. அந்த அம்மாள் முந்தானையை இரு கையாலும் ஏந்தியபடி வெயிலில் நின்றாள். மடியில் சிவப்பும் வெள்ளையும் பழுப்புமாகப் பல வீட்டு அரிசி கலந்து கிடந்தது.

சிரித்துக்கொண்டே அவனை நோக்கி வந்தவள் அப்படியே நின்றாள். “ஆள் தெரியாம வந்துட்டேங்க, ஐயா” என்று விலகினாள்.

பக்கத்தில் நின்ற மரிய அந்தோணி சிரித்தார். அவனுக்குப் பேசியிருந்த பெண்ணின் சித்தப்பா, பொன்மலை ரயில்வே வேலையிலிருந்து அன்று காலையில்தான் வந்து இறங்கியவர். “இத்தனை கூட்டத்துல ஒங்களைப் பாத்து வர்றாங்களே மாப்ளே! வாத்தியார் சம்பளத்து மேல அம்புட்டு நம்பிக்கை. தெரிஞ்சவங்களா?”

“தெரியாதுங்க மாமா.”

அவனைப் பெற்றவள் அவள். பிறந்த நாள் முதல் ‘வாடா, போடா’ என்று மட்டுமே அழைத்தவள், இன்று ‘ஐயா’ என்கிறாள்.

போன வருஷம் அவன் டைபாய்டு காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது அருளம்மாள் நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால் வீடு வீடாக மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியை மாதா சன்னதியில் பொங்கி வருகிறவர்களுக்குப் போடுவதாக. வசதி உள்ளவர்களும் செய்கிற நேர்த்திதான். ஆனால் ஞானமணி குதித்தான். “ஹைஸ்கூல் வாத்தியாரோட ஆத்தா தெருத்தெருவாப் பிச்சை எடுத்தா, எவன் எனக்குப் பொண்ணு குடுப்பான்?” அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

பெண் அமைந்ததோ திருக்கோகர்ணத்து மாடிவீட்டில். காது வளர்த்து, செருப்பில்லாமல் நடக்கிற ஆத்தாளை அங்கே கூட்டிப்போகக் கூச்சமாக இருந்தது. தாய்மாமனை மட்டும் அழைத்துக்கொண்டு போய்ப் பெண் பார்த்து வந்தான். வருகிற ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்க வேண்டும். அதற்குள் இவள் வாயைத் திறந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று பயந்தான்.

கோயிலுக்குப் போய்வரலாம் என்று கூப்பிட்டதே பெண்ணின் தகப்பனார் சந்தனசாமிதான். புதுப்பானை, வெல்லம், விறகு எல்லாம் வண்டியில் வந்திருந்தன. அரிசியை மட்டும் காணோம். கேட்டதற்கு, “வந்துரும்” என்று சொல்லிவிட்டு மரத்தடியில் அடுப்பு மூட்டப் போய்விட்டார்.

“ஒங்க ஆத்தாவையும் கூட்டியாந்திருக்கலாமே, மாப்ளே?” என்றார் மரிய அந்தோணி.

“மூட்டுவலிங்க. எந்திரிச்சு நடக்க முடியாது. வீட்டுல படுத்திருக்காங்க.”

நாலடி தள்ளி நின்ற அருளம்மாளுக்கு அது கேட்டது. முகத்தை மூடிக்கொள்ள முந்தானை இல்லை. அது அரிசியைத் தாங்கியிருந்தது. மெல்ல முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

ஞானமணி அந்த முதுகைப் பார்த்தான். கிழிசலைத் தைத்திருந்த ரவிக்கை வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. கூப்பிட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் மரிய அந்தோணி நின்றதால் அடக்கிக்கொண்டான்.

அதற்குள் மரத்தடியிலிருந்து சந்தனசாமி வேகமாக வந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஞானமணியைத் தாண்டிப் போய், அருளம்மாளின் முன்னால் நின்று கைகூப்பினார்.

“வாங்க, வாங்க! மொதப் பிடி எங்க வீட்டுல வாங்கிட்டுப் போனவங்க இம்புட்டு நேரமாக் காக்க வச்சுட்டீங்களே! மாப்பிள்ளைகிட்டச் சொல்ல வேணாம், கோயில்ல வந்து பாத்துக்கிறேன்னீங்க. நானும் மூச்சு விடலை.”

அருளம்மாள் தலை குனிந்துகொண்டாள். சந்தனசாமி சந்தோஷமாகத் தம்பியின் பக்கம் திரும்பினார்.

“அந்தோணி, இவங்கதான் நம்ம மாப்பிள்ளையோட ஆத்தா.”