மீசை தப்பியது

"அன்புராஜ எத்தினியாவது எடத்துல போடலாம்? அத மட்டும் சொல்லு கலை."

சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் சாப்பாட்டு நேரம். அருள்முருகன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தான்.

"யாரு, கரியமாணிக்கம் ஊரு டீம் கீப்பரா? அவன எதுக்குடா கேக்கற?" ஊரில் செலியமேட்டிலிருந்து கலைச்செல்வன் கத்தினான். பக்கத்தில் டிராக்டர் ஓடும் சத்தம்.

"மூணு மணிக்கு டீம் எடுக்கணும்ல? கீப்பருங்கள வரிசையா எழுதி வச்சிக்கிறன்."

பாகூர் வட்டாரத்து டென்னிஸ் பந்து கிரிக்கெட் டோர்னமெண்டுக்குக் கலைச்செல்வன்தான் ஸ்கோர் எழுதுகிறவன். அந்த ஆட்டங்களை வைத்துக் கூட்டாளிகள் எட்டு பேர் வாட்ஸ்அப்பில் ஃபேன்டஸி ஆடுவார்கள்: ஆளுக்கொரு கற்பனை டீம், எடுத்த வீரர்கள் நிஜத்தில் ஆடுவதற்கேற்ப பாயிண்டு. ஒருத்தன் எடுத்த வீரரை இன்னொருத்தன் எடுக்க முடியாது. சீசன் முடிவில் கடைசியாக வருகிறவன் மீசையை மழிக்க வேண்டும்.

அருள்முருகனுக்கு மீசையைப் பற்றிய கவலையே இல்லை. தங்கச்சி சரண்யாவைப் பெண் கேட்டிருப்பவன் இந்த அன்புராஜ்தான். இன்றைக்குள் தரகருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அப்பா இல்லாத வீடு. அம்மா ருக்குமணி, "நீ விசாரிச்சி சொல்றதுதான்பா முடிவு" என்று விட்டுவிட்டாள்.

கல்யாணத்துக்கென்று கேட்டால் யார் உண்மை சொல்கிறார்கள்? சித்தப்பா மகள் சுவேதாவுக்கு விசாரித்தபோது ஊரே "தங்கமான பையன்" என்றது. ஆறே மாதத்தில் தோடுகூட இல்லாமல் திரும்பி வந்தாள். அதனால்தான் அருள்முருகன் கல்யாணப் பேச்சே எடுக்காமல் கீப்பர் கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மொத எடம் வில்லியனூரு பலராமன். கண்ண மூடிக்கினு எடு" என்றான் கலைச்செல்வன்.

"அன்புராஜ சொல்லுடா. கேட்ச் வுட்டா பவுலர திட்டுவானா?"

"இன்னாடா கேள்வி இது? கோவத்துக்கெல்லாம் பாயிண்டு உண்டா?"

"சண்ட போடற ஆளு பாதி சீசன்லயே டீம வுட்டுப் போயிடுவான்ல. அதான் கேக்கறன்."

மறுமுனையில் டிராக்டர் சத்தம் தள்ளிப் போனது.

"நீ அவனையே சுத்தி சுத்தி கேக்கற."

"மனசுல ஒரு இது. சொல்லேன்."

"சண்டக்காரன்டா. போன மாசம் அம்பயர் சட்டையப் புடிச்சிட்டான்."

அருள்முருகன் பொட்டலத்தைத் தள்ளி வைத்தான். எழுந்து நின்றான். கிரேன் அடிவரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தான்.

"மேட்ச் முடிஞ்சா நேரா வூட்டுக்குப் போயிடுவானா?"

"வூட்டுக்கா? நேரா சாராயக்கடைக்கு! காலையிலயே ஊத்திக்கினுதான் கிளவுஸ மாட்டுவான். கையி எப்பிடி நடுங்கும் தெரியுமா?"

"போன வருஷம் நல்லா ஸ்டம்பிங் பண்ணான்னு சொன்ன?"

"அது போன வருஷம். இப்ப ஆளே வேற. அஞ்சி கீப்பருல அவன் அஞ்சாவது. என் பேச்ச நம்பு."

"நம்பாம? நீதான போன சீசன்ல கடைசியா வந்து மீச இல்லாம சுத்துன ஆளு" என்று சிரிக்கப் பார்த்தான் அருள்முருகன். சிரிப்பு வரவில்லை.

"இந்த தபா போவாதுடா" என்றான் கலைச்செல்வன்.

அம்மாவுக்குப் போனில் பேசினால் சரியாகக் காது கேட்காது. எழுத்தாக வந்தால் கண்ணாடி போட்டுப் படித்துவிடுவாள். கையெல்லாம் கிரீஸ். மைக் பொத்தானை முழங்கை நுனியால் தட்டி, வாயால் சொல்லியே எழுத்தாக்கி அனுப்பினான்.

"அம்மா இந்த எடம் வேணாம் பையன் குடிக்கிறான் நல்லா விசாரிச்சிட்டன் தரகருக்கு இப்பவே போன் பண்ணி சொல்லிடு"

நீல டிக் விழுந்தது. பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. "சொல்லிட்டன்பா. நல்லவேள, நீ இருந்த."

அடுத்தது சரண்யாவிடமிருந்து. "சரிண்ணா." எதை எழுதினாலும் பின்னால் நாலைந்து சிரிப்புப் பொம்மை போடுகிறவள், இன்றைக்கு ஒன்றுகூடப் போடவில்லை.

அவன் பொட்டலத்தைப் பிரிக்காமலே பைக்குள் திருப்பி வைத்தான்.

ஊரில் மூன்று மணி ஆனபோது கம்பெனி பஸ்ஸில் இருந்தான். குரூப்பில் தேர்வு தொடங்கியது. முதல் இரண்டு பேர் பேட்ஸ்மேனை எடுத்தார்கள். மூன்றாவது அவன். எதையும் யோசிக்கத் தோன்றாமல் "பலராமன்" என்று அனுப்பினான்.

அடுத்த முறை கலைச்செல்வனுடையது. ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"அன்புராஜ்."

அருள்முருகன் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"மச்சான், கோச்சிக்காத!" கலைச்செல்வன் விழுந்து விழுந்து சிரித்தான். "நீ அவனையே கேக்கவும் எனுக்கு உசுரே போயிடுச்சி. எனுக்கு முன்னாடி நீ எடுத்துட்டா நான் காலிதான? அவன் சோடா குடிக்கக்கூட அம்மாவ கேப்பான்டா, அப்பிடி ஒரு தங்கம். அவனப் போயி குடிகாரன்னு சொல்லிட்டன், இந்த தபா என் மீச தப்பிச்சிது!"