சந்துக்குள் வந்த லாரி

தலைவர் வீட்டுத் தார்த் தெருவைக் கண்டாலே, அதை ஒட்டிக் கிடந்த மண் சந்துக்கு வயிறு எரியும். அந்த வீட்டு அப்பா ஊராட்சித் தலைவரானபோது அந்தத் தெருவுக்குத் தார் போட்டார்கள். மகன் தலைவரானதும் அதன் மேலேயே இன்னொரு தார் போட்டார்கள். தெரு உயர உயர, மழைத்தண்ணீர் முழுக்கச் சந்துக்குள் இறங்கியது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சேற்றில் வழுக்கி விழுந்தார்கள்.

"மேல மேல போத்திக்கிறியே, உனக்குப் புழுங்கலையாடி?" என்று கேட்டது சந்து.

"வேண்டாம்னா விடுறாங்களா?" என்று நெளிந்தது தெரு.

பிறகு அந்த மகன் சந்துப் பெண் செண்பகத்தைக் கட்டிக்கொண்டான். தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் அவளையே நிறுத்தி ஜெயிக்க வைத்தான். சந்துக்குத் தலைகால் புரியவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் ஜல்லி லாரி ஒன்று நேராகச் சந்துக்குள்ளேயே நுழைந்தது.

"பாத்துக்கடி, எங்க பொண்ணு அனுப்பினது. இனிமே எம்புள்ளைங்க வழுக்காம பள்ளிக்கூடம் போகும்," என்றது சந்து.

லாரி அங்கே வளைந்து திரும்பியது. மண்ணில் பள்ளம் பறித்துவிட்டுப் போய், தெருவில் ஜல்லியைக் கொட்டியது.

"உன் பொண்ணுதான், யாரு இல்லேன்னா?" என்றது தெரு, மூன்றாவது தாருக்கு முதுகைக் காட்டியபடி. "கட்டிக் குடுத்தாச்சுல்ல. இப்ப அவ எங்க வீட்டு மருமக."