மண்டபத்து வைஃபை

மதியம் ஒன்று முப்பத்தொன்றுக்கு வெண்மதி 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தியபோது, சாப்பாட்டுக் கூடத்தில் மூன்றாவது பந்தி நடந்துகொண்டிருந்தது.

அவள் நாத்தனார் மங்கையின் பெண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் வெண்மதியின் கணவன் தனசேகரன்.

மண்டபத்தின் மணமகள் அறையில் மடிக்கணினியோடு அவள் மட்டும் இருந்தாள். பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

உலகத்தில் யார் புதிதாக மென்பொருள் செய்தாலும் கொண்டுவந்து காட்டும் இணையதளம் ஒன்று திரையில் திறந்திருந்தது. பார்க்கிறவர்கள் பிடித்திருந்தால் ஓட்டுப் போடுவார்கள். அமெரிக்காவில் நாள் பிறக்கும்போது கணக்குத் தொடங்கும். அந்த ஒரு நாள்தான்.

அவளுடையது புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான கருவி. ஆயிரக்கணக்கான வரிகளில் கோளாறு எந்த வரியில் இருக்கிறது என்று தேடிக் காட்டும். சமையலுக்கும் துணிக்கும் நடுவே கிடைத்த நேரத்தில், இரண்டு வருடம், தனியாளாகச் செய்தது.

முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் ஆறு மாதம் அங்கே வந்து தங்கி இதை வளர்க்க இடம் தருவதாகப் பெங்களூர் நிறுவனம் ஒன்று எழுதியிருந்தது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் செஞ்சிக்கு வெளியே இருந்து அவளை யாரோ கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

தனசேகரனிடம் சொன்னபோது, "போயேன். நானா வேணாங்கறேன்?" என்றான்.

அரை மணி நேரத்தில் இருபது ஓட்டு விழுந்தது. மூன்று மணிக்கு அறுபத்தொன்று. நான்காவது இடம்.

பிரேசிலில் இருந்து ஒருவன், இரண்டு நாளாகத் தேடிய பிழையை இது நாலு நிமிடத்தில் காட்டிவிட்டது என்று எழுதியிருந்தான். அதை அவள் பதினோரு முறை படித்தாள்.

மாமியார் பவுனம்மாள் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். "வந்தவங்கள வாங்கன்னு கேக்காம, இன்னாம்மா பொட்டி முன்னால குந்திக்கினு இருக்கற?"

"தோ வந்துட்டேன் அத்தே."

அப்போதுதான் மைக்கில் தனசேகரனின் குரல் கேட்டது.

"யாரும் எழுந்து போய்டாதீங்க. என் ஊட்டுக்காரி கம்ப்யூட்டர்ல ஒண்ணு கண்டுபுடிச்சிருக்கா. அமெரிக்காக்காரன் போட்டி வெச்சிருக்கான். மண்டபத்து வைஃபை பாஸ்வேர்டு சொல்றேன், எல்லாரும் ஆளுக்கு ஒரு ஓட்டு குத்துங்க!"

"ஓட்டுக்கு இன்னா மாமா குடுப்ப?" யாரோ கத்தினார்கள்.

"ரெண்டாவது ஐஸ்கிரீம்டா!"

கூடமே சிரித்தது.

வெண்மதி எழுந்துவிட்டாள். ஒரே இடத்திலிருந்து, சற்று முன் தொடங்கிய கணக்குகளில் இருந்து, மொத்தமாக ஓட்டு விழுந்தால் அந்தத் தளம் அதைக் கள்ள ஓட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

அவள் ஓடவில்லை.

இந்த வீட்டில் அவள் வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது மைக்கில், தொண்டூரிலிருந்து வந்த சொந்தம் முழுக்க உட்கார்ந்திருக்க, என் ஊட்டுக்காரி என்கிறான். வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொருவர் போனையும் வாங்கிக் கணக்குத் திறந்து கொடுக்கிறான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் செல்போன் கடை வைத்திருப்பவனுக்கு அது கைவந்த வேலை. தாய்மாமன் கேட்டு அன்றைக்கு யார் மறுப்பார்கள்?

கதவைப் பிடித்தபடி அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது. இருபது நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்து பார்த்தபோது நூற்றுப் பதினெட்டு. முதல் இடம்.

பிறகு பக்கம் ஒருமுறை வெளுத்து, ஒரே ஒரு வரி வந்தது. முறைகேடான ஓட்டுகளுக்காக நீக்கப்பட்டது. மறுபடி வைக்க முடியாது.

பிரேசில்காரன் எழுதியதும் அதோடு போயிருந்தது.

தனசேகரன் வேர்க்க வேர்க்க உள்ளே வந்தான். "இன்னா, ஃபர்ஸ்ட்டா?"

அவள் சொன்னாள். அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஐயோ. எனக்கு இன்னா தெரியும் வெண்மதி? நாலு பேரு ஓட்டு போட்டா நல்லதுன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நான்தான் ஓடியாந்து நிறுத்தியிருக்கணும்" என்று அவன் தோளைத் தொட்டாள். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். ஆறு வருடமாக இவனைத் தவறாக எடைபோட்டுவிட்டோமே என்றுகூட இருந்தது. அந்தக் குற்றவுணர்வு, வீணாகிப்போன இரண்டு வருடத்தை விடவும் கனமாக நெஞ்சில் உட்கார்ந்தது.

போட்டோவுக்குத் தாய்மாமனைத் தேடினார்கள். போனை மேசையில் விட்டுவிட்டு அவன் வெளியே போனான்.

இப்படி நீக்கப்பட்டவர்கள் யாராவது மேலே எழுதித் திரும்ப வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மண்டபத்து வைஃபை திணறிக்கொண்டிருந்தது. அவளுடைய போனை, காது வலியில் அழும் குழந்தைக்கு வேடிக்கை காட்ட வாங்கிப் போயிருந்தார்கள். தனசேகரனின் போனை எடுத்தாள். பூட்டு எண் அவர்கள் கல்யாணத் தேதி.

தேடும் இடத்தில் 'ஒரே வைஃபையில்' என்று தட்டினாள்.

மிச்சத்தைப் போனே நிரப்பியது.

'ஒரே வைஃபையில் நிறைய ஓட்டு விழுந்தால் நீக்கிவிடுவார்களா.'

பக்கத்தில் சின்னக் கடிகாரப் படம். இந்தப் போனில் ஏற்கெனவே தேடியது. விரல் வைத்ததும் நாளும் தெரிந்தது. வியாழக்கிழமை.

இன்று ஞாயிறு.

"இன்னா, எதனா வழி இருக்குதா?" என்று கேட்டபடி தனசேகரன் உள்ளே வந்தான்.

வெண்மதி திரையை அணைக்காமல் போனை அவனிடம் நீட்டினாள்.