மேசைமேல் பன்னிரண்டு புழுக்கள்

ஜூலை ஒன்பதாம் தேதி, காலை பத்து மணி பத்து நிமிடம். வெளியே விடாத சாரல். நிராகரிப்புக் கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. பூச்சிமருந்துப் பதிவு அதிகாரியின் கையெழுத்து மட்டுமே பாக்கி. முப்பது ஆண்டுகளில், போட்ட கையெழுத்தை ஒருமுறைகூட அடித்துத் திருத்தியவர் அல்லர் அவர்.

விண்ணப்பித்த ஆய்வாளர், மண்ணில் இயற்கையாக வாழும் பாக்டீரியாவைப் பயிர்மருந்தாக்கியிருந்தார். இலையோடு அதைத் தின்னும் புழு குடல் கெட்டுச் சாகும். சாக மூன்று நாளாகிறது என்று அதிகாரி இருமுறை திருப்பி அனுப்பிவிட்டார். இன்றும் மறுத்தால், ஆய்வுக்கூடத்துக்கே பூட்டு.

"புழு டாக்டரம்மா வந்திருக்காங்கய்யா," என்றார் கடைநிலை ஊழியர், வாசலில் மல்லாந்து கிடந்த கரப்பான்களைத் துடைப்பத்தால் தள்ளியபடி. "ஜன்னலைத் திறக்கட்டுமா? ராத்திரி அடிச்ச கரப்பான் மருந்து நெடி மண்டையைப் பிளக்குது."

"வேண்டாம். சாரல்ல கோப்பு நனையும்."

ஆய்வாளர் வலைமூடி போட்ட பெட்டியொன்றை மேசைமேல் வைத்தார். முட்டைக்கோஸ் இலைமேல் பன்னிரண்டு பச்சைப் புழுக்கள்.

"இந்தத் தடவை உங்க கண்ணு முன்னாடியே காட்டறேன் ஐயா. ஒரு நிமிஷம், கேட்ல என் பையைப் பிடிச்சு வச்சிருக்காங்க," என்று ஓடினார்.

"காட்டட்டும், காட்டட்டும். மூணு நாளைக்கு இங்கயே பாய் விரிச்சுப் படுத்துக்கறேன்," என்றார் அதிகாரி.

சொல்லி வாய் மூடவில்லை. ஒரு புழு சுருண்டது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இன்னொன்று இலையிலிருந்து நழுவி விழுந்தது. பத்தே முக்காலுக்குப் பன்னிரண்டும் அசைவற்றுக் கிடந்தன.

"என்னய்யா, மூணு நாள்னு எழுதினீங்களே?" என்றார் ஊழியர்.

"எழுதினது தப்புதான்யா. போதுமா?"

நிராகரிப்புக் கடிதத்தை நான்காகக் கிழித்தார். அனுமதி ஆணையைத் தம் கையாலேயே எழுதினார். ஒற்று விடுபட்டதா என்று இருமுறை படித்தார். கையெழுத்திட்டு முத்திரை குத்தினார்.

ஆய்வாளர் சொட்டச் சொட்ட நனைந்து, பையை நெஞ்சோடு அணைத்தபடி திரும்பினார்.

"உங்களைத் தேவையில்லாம அலைய விட்டுட்டேன்மா. இவ்வளவு வேகமான மருந்தை என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல," என்று அதிகாரி ஆணையை இரு கைகளாலும் நீட்டினார்.

ஆய்வாளர் ஆணையைப் படித்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஆணையை இன்னொரு முறை, மிக மெதுவாகப் படித்தார்.

"ஐயா... நான் இன்னும் மருந்தே தெளிக்கலை."